துடுப்பு யாரைப் பார்த்து நிற்கிறது?

குளச்சல் பக்கத்தில் ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாப் பட்டிமன்றம். தலைப்பு: ‘சமூக ஊடகத்தில் நம்மைப் பெரிதும் ஏமாற்றுவது அரசுகளும் ராணுவங்களுமா, நாமே பரப்பும் வதந்தியா?’ முதல் அணியில் கடைசியாகப் பேசியது.

நடுவர் ஐயாவுக்கும், மணல் என்றும் பாராமல் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும், மதில் ஓரமாக நின்றே கேட்கிற அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி, ‘அக்கா செல்போன் கடைக்காரர், வதந்தி ஓடினால்தான் அவருக்கு ரீசார்ஜ் ஓடும்’ என்றார். வாங்கிக்கொள்கிறேன். தக்கலையில் பதினாறு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தாலுகாவில் உள்ள போன்களின் வயிற்றில் என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். பாதிக்கு மேல் குட் மார்னிங் படம்தான். ‘மெமரி நிறைஞ்சு போச்சு, அழிச்சுத் தா’ என்று கொண்டுவருவார்கள். அழிக்க அழிக்க ரோஜாப்பூ வரும், சூரிய உதயம் வரும். அதை எந்த ராணுவமும் அனுப்பவில்லை தம்பி, ஒப்புக்கொள்கிறேன்.

சரி, ராணுவத்துக்கு வருவோம். இந்த மேடைக்குக் கொஞ்ச தூரத்தில் கடலைப் பார்த்து ஒரு வெற்றித்தூண் நிற்கிறது. 1741 ஆகஸ்டில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை முறியடித்ததன் நினைவு. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு இதே அரசருக்குப் படை பயிற்றுவித்து, உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் உண்டு. கடப்புறத்தில் இன்னொன்றும் சொல்வார்கள். கடலுக்குப் போகிற ஆட்கள் துடுப்பைத் தோளில் சாய்த்துக் கரையில் வரிசையாக நின்றார்களாம். பனந்தடியை மாட்டு வண்டியில் ஏற்றிக் கடலைப் பார்க்கத் திருப்பி வைத்தார்களாம். கப்பலில் இருந்தவன் துப்பாக்கி என்றும் பீரங்கி என்றும் கணக்குப் போட்டானாம். ஏட்டில் இருக்கிறதோ இல்லையோ, என் அப்பா சொல்லி நான் கேட்டது.

எதிரியின் மனதைக் கலைக்கிற அந்த வேலைக்கு இப்போது உளவியல் நடவடிக்கை என்று பெயர். அன்றைக்குத் துடுப்பு கப்பலைப் பார்த்து நின்றது. தெருவைப் பார்த்து நிற்கவில்லை. இன்றைக்கு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதுதான் எங்கள் அணியின் கேள்வி.

எதிரணித் தலைவி எனக்கு எட்டாம் வகுப்பு எடுத்த டீச்சர். அவர் ஒரு பெரிய கல்லைத் தூக்கிப் போட்டார். ‘1982, மண்டைக்காடு, இந்து கிறிஸ்தவக் கலவரம். அப்போது போன் ஏது, பேஸ்புக் ஏது? எல்லாம் வாய் வழியாகத்தானே போயிற்று?’ என்றார். சத்தமே இல்லாமல் போய்விட்டது இங்கே. போகத்தான் செய்யும். இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால் நம் வீடுகளில் குரல் தாழ்ந்துவிடுகிறது. ‘அவங்க வாறாங்களாம்.’ இரண்டே சொல். அந்தப் பக்கத்து அம்மையும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முழித்திருந்தாள், இந்தப் பக்கத்து அம்மையும் முழித்திருந்தாள். டீச்சர் சொன்னதில் நான் ஒரு எழுத்தையும் மறுக்கமாட்டேன்.

ஆனால் டீச்சர், அதே இரண்டு சொல்லை ஒரு ராணுவம் ஷிப்ட் போட்டு எழுதியிருக்கிறது.

மியான்மர். 2018 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி இது. அந்த நாட்டு ராணுவம் ஏறக்குறைய 700 பேரை இந்த வேலைக்கு வைத்திருந்தது. அவர்கள் முதலில் ராணுவத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. பாட்டுக்காரர்களின் ரசிகர் பக்கம், அழகிகளின் பக்கம் என்று பேஸ்புக்கில் கடை விரித்தார்கள். கூட்டம் சேரும்வரை வருடக்கணக்கில் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். நம் பிள்ளைகள் நடிகர் படத்துக்கு லைக் போடுகிற மாதிரி அந்த ஊர்ப் பிள்ளைகளும் போட்டார்கள். கூட்டம் சேர்ந்தபிறகு அதே பக்கங்கள் வழியாக ரோஹிங்கியா முஸ்லிம்களைப் பற்றிய வெறுப்பு ஒழுக ஆரம்பித்தது.

இதில் என்னைத் தூங்கவிடாத இடம் ஒன்று உண்டு. 2017இல், செப்டம்பர் 11ஆம் தேதியை ஒட்டி, அந்த ராணுவத்தின் உளவுப் பிரிவு பௌத்தர்களுக்கு ‘முஸ்லிம்கள் தாக்க வருகிறார்கள்’ என்று மெசஞ்சரில் எச்சரிக்கை அனுப்பியது. முஸ்லிம்களுக்கு ‘பௌத்தர்கள் திரண்டு வருகிறார்கள்’ என்று அனுப்பியது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து. இரண்டு தெருவும் பயந்து நடுங்கினால் காப்பாற்ற ராணுவத்தை விட்டால் ஆள் இல்லை என்று ஆகும், அவ்வளவுதான் கணக்கு. அந்த வருடம் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். 2018 ஆகஸ்டில் தளபதி உட்பட 20 பேரையும் அமைப்புகளையும் பேஸ்புக் தடை செய்தது. அப்போது நீக்கிய பக்கங்களைப் பின்தொடர்ந்தவர்கள் ஏறக்குறைய 1.2 கோடி. ஓடியவர்கள் ஓடி ஒரு வருடம் ஆகியிருந்தது.

நம் வாய் வதந்திக்கு ஒரு நல்ல குணம் உண்டு, நடுவர் ஐயா. அதற்குச் சம்பளம் கிடையாது. நாலு நாளில் களைத்துவிடும். வதந்தி சொன்னவன் ஏலக்கூடத்தில் ஒரு நாள் மாட்டுவான், ‘எலேய், நீதானே சொன்னே’ என்று சட்டையைப் பிடிக்கலாம். சம்பளம் வாங்கிப் பொய் சொல்கிறவனின் சட்டையை எங்கே போய்ப் பிடிப்பது? அவன் கணக்கில் இருப்பது அவன் முகமே இல்லையே.

2011இல் கார்டியன் பத்திரிகை அமெரிக்க ராணுவத்தின் ஒரு ஒப்பந்தத்தை வெளியே கொண்டுவந்தது. மதிப்பு 27.6 லட்சம் டாலர். கலிபோர்னியா கம்பெனி ஒன்று மென்பொருள் செய்துகொடுக்க வேண்டும். ஒரு ஆள் உட்கார்ந்து பத்து பொய்ப் பெயர்களை நடத்தலாம். ஒவ்வொரு பெயருக்கும் ஊர், வேலை, பழைய கதை எல்லாம் இருக்க வேண்டும். என் கடைக்கு இரண்டு சிம் போட்ட போனோடு வந்து, எந்த நம்பரில் யாரிடம் பேசினோம் என்று தடுமாறுகிற மாப்பிள்ளைமார் உண்டு. இங்கே ஒருவன் பத்துப் பேர்! ஆங்கிலத்தில் எழுதமாட்டோம், எங்கள் மக்களை நோக்கி இது இல்லை என்று அந்த ராணுவம் விளக்கம் சொன்னது. அப்படியானால் அரபு, உருது, பாரசீகம் பேசுகிறவர்கள் படித்தால் பரவாயில்லையா? பிரிட்டனும் சும்மா இருக்கவில்லை. 2015இல் 77ஆவது படைப்பிரிவு என்று ஒன்றை, சமூக ஊடகம் உட்பட இந்த உளவியல் வேலைக்காக அமைத்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காட்டுக்குள் போரிட்ட சிண்டிட் படையின் எண் அது. காட்டில் ரத்தம் சிந்தியவர்களின் எண்ணைக் கீபோர்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அண்ணன் படித்தவர், ஒரு ஆய்வைக் கொண்டுவந்தார். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகமும் கிராபிகா நிறுவனமும் 2022 ஆகஸ்டில் வெளியிட்டது. அமெரிக்காவுக்குச் சாதகமாக ஐந்து வருடம் இயங்கிய பொய்க் கணக்குகளில் பெரும்பாலான பதிவுகளுக்குக் கைவிரல் எண்ணும் அளவுக்குத்தான் லைக். ‘ஆளே பார்க்காத நாடகம், அக்கா’ என்றார். உண்மைதான். ஆளே பார்க்காத அந்தக் கணக்குகளில் அமெரிக்க ராணுவத்தோடு தொடர்புடையவர்கள் இருந்ததாக அதே வருடம் நவம்பரில் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே சொன்னதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், அண்ணன்.

சில நாடகத்துக்கு ஆள் வந்துவிடுகிறது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தி: கொரோனா காலத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பிலிப்பைன்ஸ் மக்களைக் குறிவைத்து ரகசியப் பிரச்சாரம் நடத்தியது. சொந்த ஊர்க்காரர்கள் மாதிரி வேடம் போட்ட கணக்குகள், குறைந்தது 300. சீனாதான் வைரஸ், சீனாவின் முகக்கவசத்தை நம்பாதே, சினோவாக் ஊசியை நம்பாதே என்று அந்த ஊர் மொழியிலேயே எழுதினார்கள். மற்ற நாட்டு முஸ்லிம்களிடம், ஊசியில் பன்றி ஜெலட்டின் இருக்கலாம் என்ற பயத்தைக் கிளப்பினார்கள். 2020இல் தொடங்கி 2021 நடுப்பகுதி வரை ஓடியது. பிலிப்பைன்ஸுக்கு முதலில் கிடைத்த ஊசியே அந்தச் சினோவாக்தான். 2021 ஜூனில் 11.4 கோடிப் பேரில் முழுசாக ஊசி போட்டுக்கொண்டவர்கள் 21 லட்சம். ஊசி போதாமல் இருந்ததும் ஒரு காரணம்தான், எல்லாப் பழியையும் இவர்கள் தலையில் கட்டமாட்டேன். ஆனால் கைக்கு முதலில் வந்த மருந்தைத் தட்டிவிட ஒரு நாடு காசு செலவழித்திருக்கிறது. சண்டை சீனாவோடு. துடுப்பு நின்றது மணிலாவில் மூச்சுத் திணறுகிறவனைப் பார்த்து.

‘அரசு மக்கள் மனதை மாற்றவே கூடாதா? அம்மைத் தடுப்பூசி போடச் சொன்னதும் பிரச்சாரம்தானே’ என்று டீச்சர் கேட்டார். தாராளமாக மாற்றலாம். நம் திருவிதாங்கூரிலேயே மாற்றியிருக்கிறார்கள். 1813இல் அம்மை ஊசிக்கு மக்கள் பயந்தபோது ராணி கௌரி லட்சுமி பாயி தானும் அரண்மனைக்காரர்களும் முதலில் குத்திக்கொண்டார். ராணி தன் கையை நீட்டினார், டீச்சர். பக்கத்து வீட்டு அக்கா மாதிரி பொய்ப் பெயரில் கடிதம் எழுதவில்லை. பெயர் போட்டுச் சொல்வதும் முகமூடி போட்டுச் சொல்வதும் ஒன்றா?

இனி ஒரு சங்கடமான இடம். ‘இதெல்லாம் அந்நிய நாட்டுக் கதை’ என்று தம்பி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். 2019 ஏப்ரலில் பேஸ்புக் 103 பக்கங்களையும் கணக்குகளையும் நீக்கியது. பாகிஸ்தான் ராணுவத்தின் செய்திப் பிரிவு ஊழியர்களோடு தொடர்புடையவை. இதற்குக் கைதட்டுகிறீர்கள், தெரிகிறது. 2023 செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்ட் எழுதியதையும் கேளுங்கள். ஸ்ரீநகரில் இருக்கிற நம் ராணுவப் படைப்பிரிவு ஒன்று பொய்க் கணக்குகள் வைத்துக் காஷ்மீரைப் பற்றிப் பிரச்சாரம் செய்ததை பேஸ்புக் ஆட்கள் கண்டுபிடித்தார்கள், டெல்லி அலுவலகம் தயங்கியதால் நீக்குவதற்கு ஒரு வருடம் ஆயிற்று என்று எழுதியது. இப்போது கைதட்டல் இல்லை. என் சித்தப்பா மகன் ராணுவத்தில் இருக்கிறான், இதைச் சொல்ல எனக்கும் நாக்கு ஒட்டுகிறது. அவன் பனியில் காவல் நிற்பதை நான் குறை சொல்லவில்லை. வேறு ஒருவன் பெயரில் எழுதச் சொல்கிற உத்தரவைத்தான் சொல்கிறேன்.

அப்புறம், எது பொய் என்று தீர்ப்புச் சொல்கிற நாற்காலியும் வேண்டும் என்றார்கள். மத்திய அரசைப் பற்றிய செய்தியில் எது பொய் என்று மத்திய அரசின் குழுவே முடிவு செய்யும் என 2023இல் விதி கொண்டுவந்தார்கள். 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நடுவர் ஐயா, எதிரணித் தலைவியே நடுவராகவும் உட்கார்ந்தால் இந்தப் பட்டிமன்றத்துக்கு நான் சேலை மடிப்புக் கலையாமல் பஸ் ஏறி வந்திருப்பேனா?

மணி அடித்துவிட்டார்கள். இரண்டு நிமிடம்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். மின்கம்பம் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. என் கடையில் ஜெனரேட்டர் ஓடியது. சார்ஜ் போட வந்த போன்கள் மேசை போதாமல் தரையில் கிடந்தன. அதில் பாதி, ஆள் கடலில் இருந்து திரும்பாத வீட்டுப் போன்கள். ஒரு போன் அதிர்ந்தால் பத்துப் பேர் குனிவார்கள். ‘லட்சத்தீவில் படகு கரை ஏறியிருக்கு’, ‘மகாராஷ்டிராவில் நம்ம ஆட்கள் இருக்காங்க’ என்று வந்தது. அந்தச் செய்தி உண்மை. ஆனால் வந்தபோது பொய் மாதிரியே இருந்தது. அரசு சொன்ன எண்ணிக்கையை ஊர் நம்பவில்லை, பங்குத் தேவாலயங்களில் பெயர் பெயராக எழுதிய பட்டியல் வேறாக இருந்தது. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் யாராவது கூலிக்கு எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயம். லைக் விழாத பொய்க் கணக்கும், அண்ணன், இந்த வேலையை நன்றாகச் செய்யும். நிஜமாகவே பக்கத்து ஊர்க்காரன் கூப்பிட்டாலும் ‘இவன் யாரோ’ என்று தோன்ற வைத்துவிடும்.

2025 மே மாதம், பாகிஸ்தான் எல்லையில் சண்டை நடந்த வாரம். ஒரு பாட்டி கடைக்கு வந்தார். பேரன் பஞ்சாபில் ராணுவத்தில். போனில் ஒரு வீடியோ: ராத்திரி வானம், நெருப்புக்கோடு, விமானம் எரிந்து விழுகிறது. என் கடைப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, ‘அக்கா, இது ஆர்மா கேம், நான் விளையாடுற கேம்’ என்றான். நான் அதை முந்தின ராத்திரி இரண்டு குரூப்புக்கு அனுப்பியிருந்தேன். ஆமாம் தம்பி, சிரியுங்கள், இந்தப் பாயிண்ட் உங்களுக்குத்தான். பாட்டி சிரிக்கவில்லை. போனை வாங்கி முந்தானையில் துடைத்துக்கொண்டு, ‘இத ஆரு மக்களே உண்டாக்கினது?’ என்று கேட்டார்.

நான் அனுப்பினேன், உண்டாக்கவில்லை. எதிரணியின் நிறைவுரையில் டீச்சர் அந்தப் பாட்டிக்குப் பதில் சொல்லட்டும். நான் உட்கார்ந்துகொள்கிறேன்.