குலுக்கலில் விழுந்த இடத்துக்குச் சைக்கிளில்

நேயர்களுக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறையில் ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் எங்கே போவார்? கிழக்கே பொள்ளாச்சி. வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர். மேற்கே பாலக்காடு. சந்தைக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, கல்யாணத்துக்கோ, வேலைக்கோ, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ் பேசுகிற எங்களுக்கு இந்த மூன்று பாதைகளே போதும். தெற்கே போக எங்களுக்குக் காரணம் அமைவதில்லை. வீட்டு வாசலில் நின்றால் நெல்லியாம்பதி மலை நீளமாகத் தெரியும். அதன் அடிவாரத்தில் என்னென்ன ஊர்கள் இருக்கின்றன என்று கேளுங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது. போக வேலை இல்லாத ஓர் இடத்துக்குப் பகல் முழுக்கச் சைக்கிள் மிதித்துப் போய் வந்ததைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

அந்த இடத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு கணக்கு தேர்ந்தெடுத்தது. அந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2008 மே மாதம் அமெரிக்காவில் ராண்டல் மன்ரோ என்ற கேலிச்சித்திரக்காரர் தம்முடைய படக்கதை ஒன்றில் இதை வெளியிட்டார். பெயர் ஜியோஹேஷிங். அன்றைய தேதியை எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பக்கத்தில் நியூயார்க் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு எந்த எண்ணில் தொடங்கியதோ அதைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் எம்டி5 என்ற கணினிச் சூத்திரத்துக்குள் போட்டால் நீளமான ஓர் எண் வெளியே வரும். உள்ளே போகிற எண்ணில் ஒரே ஓர் இலக்கம் மாறினாலும் வெளியே வருவது முற்றிலும் வேறாகிவிடும், அதனால் யாரும் முன்கூட்டி ஊகிக்க முடியாது. வந்த எண்ணை இரண்டாக வெட்டி, இரண்டு தசமப் பின்னங்களாக ஆக்கி, ஒன்றை உங்கள் ஊரின் அட்சரேகையின் முழு எண்ணுக்குப் பின்னாலும் மற்றதைத் தீர்க்கரேகையின் முழு எண்ணுக்குப் பின்னாலும் ஒட்ட வேண்டும். அந்தப் புள்ளிதான் அன்றைக்குப் போக வேண்டிய இடம். அவ்வளவுதான்.

மன்ரோ கொடுத்த உதாரணம் 2005 மே 26, டௌ ஜோன்ஸ் 10458.68. அதிலிருந்து கிடைத்த பின்னங்கள் .857713, .544544. எங்கள் பகுதிக்கு அட்சரேகை 10, தீர்க்கரேகை 76. அதே பின்னங்களை இவற்றோடு ஒட்டிப் பார்த்தால் பாலக்காட்டுக்கு வடமேற்கே முண்டூர், கோங்காடு பக்கம் விழுகிறது. தசமத்தில் ஆறு இலக்கம் என்றால் தரையில் ஏறத்தாழ அரைச் சாண் துல்லியம். கையில் இருக்கும் போன் அத்தனை துல்லியமாகக் காட்டாது, சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும்.

இந்தக் கணக்கில் நாம் வசிக்கும் கட்டம், அதாவது 10, 76 என்று தொடங்கும் இடங்கள் எல்லாம் சேர்ந்தது, எவ்வளவு பெரியது தெரியுமா? தெற்கு வடக்காகச் சுமார் 111 கிலோமீட்டர், கிழக்கு மேற்காகச் சுமார் 110. 11 டிகிரி அட்சரேகையும் 77 டிகிரி தீர்க்கரேகையும் வெட்டிக்கொள்ளும் புள்ளி கோயம்புத்தூர் நகரத்தின் கிழக்குப் பகுதியிலேயே இருக்கிறது. எங்கள் கட்டத்தின் வடகிழக்கு மூலை அதுதான். எதிர் மூலை அரபிக்கடலுக்குள். நடுவே வாளையாறு, மலம்புழை, திருச்சூர், குருவாயூர், சாலக்குடி, நெடும்பாசேரி விமான நிலையம், வால்பாறை, பரம்பிக்குளம் எல்லாம் அடங்கிவிடும். எண் எதிலும் விழலாம்.

கடலில் விழுந்தால் அன்றைக்கு விட்டுவிட வேண்டியதுதான். பரம்பிக்குளத்தில் விழுந்தாலும் அப்படித்தான். அது புலிகள் காப்பகம், நினைத்த இடத்தில் நுழைய முடியாது. கேரளத்துக் காடாக இருந்தும் வாகனத்தில் போக வேண்டுமென்றால் சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் போய்த்தான் திரும்ப நுழைய வேண்டும். எல்லைப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நியூயார்க் சந்தை திறக்கும்போது நமக்கு இரவு ஏழு அல்லது எட்டு மணி ஆகிவிடும். அதனால் 30 டிகிரி மேற்குத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே உள்ள நாடுகள் எல்லாம் முந்தைய நாளின் எண்ணை எடுத்துக்கொள்கின்றன. நாளைக்குப் போக வேண்டிய இடம் இன்றைக்கு ராத்திரியே தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை எண் வந்தது என்றால் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளுக்கும் இடம் தெரிந்த மாதிரி, ஏனென்றால் இடையில் சந்தை கிடையாது.

சரி, பயணத்துக்கு வருகிறேன். ஜனவரி மாதம். வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் அக்கா மகன் போனைப் பார்த்துவிட்டு, "மாமா, நாளைக்கு மலையடியில விழுந்திருக்குதுங்க, மங்கலம் அணைப் பக்கம். ரோட்டுல இருந்து பக்கந்தான்" என்றான். போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். விடியுமுன் கிளம்பினோம்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் பாலக்காட்டுக் கணவாயில் சைக்கிள் ஓட்டியதைச் சொல்ல முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே நீலகிரியாகவும் தெற்கே ஆனைமலையாகவும் சுவர்போல் நிற்கிறது. நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குச் சுவர் இல்லை. அந்தப் பக்கத்துக் காற்றெல்லாம் இந்த வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு வேகமெடுக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து வீசும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். மார்கழி, தை மாதங்களில் திசை மாறிக் கிழக்கிலிருந்து வறண்ட காற்றாக அடிக்கும். பனையோலைகள் ராத்திரி முழுக்கச் சலசலக்கும், உதடு வெடிக்கும். அன்றைக்குப் போகும்போது அது எங்கள் முதுகில் இருந்தது. கியரைக் கூட்டிவிட்டுக் கால் வலிக்காமல் ஓடினோம். திரும்பும்போது இதே காற்று முகத்தில் அடிக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும், அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கொழிஞ்சாம்பாறையைச் சுற்றி இருப்பது கரிசல் மண். கேரளத்தில் கரிசல் இருப்பது எங்கள் சித்தூர் தாலுகாவில் மட்டும்தான். மழை குறைவு, பனையும் தென்னையும் அதிகம். கேரளம் என்றதும் மற்றவர்கள் மனதில் வரும் பச்சை இங்கே கிடையாது. மேற்கே நகர நகர நிலம் மாறுவதைச் சைக்கிளில் போனால் தோலால் உணரலாம். நல்லேப்பிள்ளி தாண்டிச் சித்தூர் நெருங்கும்போதே காற்றில் ஈரம் தட்டுகிறது. சித்தூர் ஆற்றுக்குச் சோகநாசினி என்றும் பெயர் உண்டு. அதன் கரையில்தான் மலையாளக் கவி எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. இந்த ஆறு ஆனைமலையிலிருந்து ஆழியாறாக இறங்கி வருவது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீரைக் கேரளத்துக்குத் தமிழ்நாடு விட வேண்டும். 1970இல் கையெழுத்தானது. அந்தத் தண்ணீர் வரும் நாளையும் வராத நாளையும் சித்தூர் விவசாயி வயலைப் பார்த்தே சொல்லிவிடுவார். அன்றைக்கு வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது.

சித்தூர் பகவதி கோயிலில் மாசி மாதம் கொங்கன்படை என்று ஒரு திருவிழா நடக்கும். கொங்கு நாட்டு அரசன் படையெடுத்து வந்து தோற்றுப் போனதைக் கொண்டாடுகிற விழா. கொங்குத் தமிழ் பேசும் நாங்களும் அதைப் பார்க்கப் போவோம், தோரணத்தின் கீழே நின்று பொரி வாங்கித் தின்போம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

தத்தமங்கலம் தாண்டிக் கொல்லங்கோடு. அங்கிருந்து நெம்மாறை. இந்தச் சாலையில் போகும்போது எத்தனை எல்லைகளைத் தாண்டுகிறோம் என்பதை அக்கா மகனுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். சித்தூர் பழைய கொச்சி சமஸ்தானம். கொல்லங்கோடு மலபார் மாவட்டம், அதாவது சென்னை மாகாணம். நெம்மாறைக்குப் போனால் மறுபடி கொச்சி. ஒரே காலையில் இரண்டு ஆட்சிகளுக்குள் போய் வந்திருப்போம். 1956இல் கேரளம் அமைந்த பிறகு அந்தக் கோடுகள் எல்லாம் அழிந்தன, பொள்ளாச்சிப் பக்கத்துக் கோடு மட்டும் நின்றது. எங்கள் வீட்டுக் கிழவிகள் கோபாலபுரம் சோதனைச் சாவடியை எல்லை என்று மதித்ததே கிடையாது. அரிசிக்கும் துணிக்கும் பொள்ளாச்சிதான் அவர்களுக்கு.

கொல்லங்கோட்டில் சைக்கிளை நிறுத்தாமல் போக முடியாது. கதிர் பிடித்த வயல், வரப்பில் வரிசையாகப் பனை, அதன் பின்னால் செங்குத்தாக எழும்பும் தென்மலை. டீக்கடையில் நான் தமிழில் கேட்க, கடைக்காரர் மலையாளத்தில் பதில் சொல்ல, காசு கணக்கு மட்டும் இரண்டிலும் கலந்து நடந்தது. இந்தப் பக்கத்தில் அது சாதாரணம்.

நெம்மாறைக்கு அப்புறம்தான் எனக்கு முற்றிலும் புது ஊர். அயலூர் வழியாக மலையை ஒட்டிப் போகிற பாதை ஏறி இறங்குகிறது. நெல் பின்வாங்கி ரப்பர் தொடங்கும் இடம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். கரிசலில் பனை மரத்துக்குக் கீழே கிளம்பினவன், நாலு மணி நேரத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் நிற்கிறேன். பஸ்ஸில் போயிருந்தால் இந்த மாற்றம் இடையில் எங்கோ கழிந்துபோயிருக்கும்.

புள்ளி ஒரு தனியார் தோட்டத்துக்குள் இருந்தது. பஞ்சாயத்து ரோட்டிலிருந்து முந்நூறு மீட்டர் இருக்கும். உள்ளே நுழைவதற்கு முன் தோட்டத்து வீட்டில் கேட்க வேண்டும். இந்த விளையாட்டில் யாரும் மீறக்கூடாத ஒரு முறை அது, ஆளில்லாத தோட்டமானாலும் கேட்காமல் போகக் கூடாது. வயதான ஓர் அம்மச்சி வெளியே வந்தார். கோட்டயம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். சைக்கிளையும் எங்கள் வேர்வையையும் பார்த்து, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். அமெரிக்கப் பங்குச் சந்தையை விளக்க எனக்கு அவ்வளவு மலையாளம் போதாது. தேதியை வைத்துக் குலுக்கிப் போடுகிற மாதிரி ஓர் எண், அந்த எண் இன்றைக்கு உங்கள் தோட்டத்தில் விழுந்திருக்கிறது என்றேன். அம்மச்சி சட்டென்று புரிந்துகொண்டார். "அப்போ ஞங்ஙடெ பறம்பினு லாட்டரி அடிச்சல்லோ", அப்படியென்றால் எங்கள் தோட்டத்துக்கு லாட்டரி அடித்துவிட்டதே, என்று சொல்லிவிட்டு அவரே முன்னால் நடந்தார்.

ஜனவரியில் ரப்பர் இலை உதிர்க்கும். தரை முழுக்கச் சருகு, மேலே பார்த்தால் வானம் திறந்து கிடந்தது. மற்ற மாதங்களில் அடர்ந்த இலைக்குக் கீழே போனுக்குச் செயற்கைக்கோள் சரியாகக் கிடைக்காது, அன்றைக்கு நன்றாகக் கிடைத்தது. பன்னிரண்டு மீட்டர், ஏழு, நாலு என்று தூரம் குறைந்துகொண்டே வந்து, பால் வெட்டிய ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் நின்றது. பட்டையில் சாய்வாகப் போகும் வெட்டு, அதன் முனையில் சிறு தகரக் கால்வாய், கீழே சிரட்டை. குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக ஒழுகும் என்பதால் விடியுமுன்னே வெட்டிவிடுகிறார்கள். நாங்கள் போனபோது பால் எடுத்து முடித்திருந்தது, சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த பால் மட்டும் இருந்தது. அந்த மரத்தை எத்தனை வருஷமாக வெட்டுகிறோம், மறுபக்கப் பட்டைக்கு எப்போது மாறினோம் என்பதையெல்லாம் அம்மச்சி சொன்னார். இந்த மரத்தைப் பற்றி இதுவரை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

இதற்காகத்தான் எனக்கு இந்தக் குலுக்கல் பிடிக்கிறது. பெயர்பெற்ற இடத்துக்குப் போனால் அதைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்பதை முன்னால் போனவர்கள் சொல்லி வைத்திருப்பார்கள். எண் காட்டிய இடத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அங்கே இருப்பவரிடம் கேட்டால்தான் உண்டு. கேட்டால், அவர்கள் மணிக்கணக்காகச் சொல்கிறார்கள்.

பதிமுகம் என்ற மரச் சீவல் போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீரும், வேகவைத்த கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கும், காந்தாரி மிளகாய்ச் சட்னியும் கொடுத்தார். காசு கொடுக்க நாங்கள் நினைக்கக்கூட முடியாத மாதிரி கொடுத்தார்.

திரும்பும் வழி கடினமாக இருந்தது. நெம்மாறை வரை மலையும் மரங்களும் மறைத்தன. கொல்லங்கோட்டு வெட்டவெளியில் காற்று நேரே முகத்தில் இறங்கியது. கியரைக் குறைத்து, தலையைத் தாழ்த்தி, ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டி ஓட்டினோம். முன்னால் இருப்பவர் காற்றை வாங்கிக்கொள்ள, பின்னால் இருப்பவருக்குப் பாரம் குறையும். சில நிமிஷத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொண்டோம். அவன் இளவட்டம், அதிக நேரம் அவனே முன்னால் போனான். "நீங்க பின்னாலயே வாங்க மாமா" என்று கத்தினது காற்றில் பாதிதான் கேட்டது. வீடு சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது.

நேயர்களில் யாருக்காவது ஆசை இருந்தால் சில வார்த்தை. முதல் தடவையே தூரமாக விழுந்த நாளைப் பிடிக்காதீர்கள். வீட்டிலிருந்து பதினைந்து, இருபது கிலோமீட்டருக்குள் எண் விழும் நாளுக்குக் காத்திருங்கள், வரும். பங்சர் ஒட்டும் சாமான், தண்ணீர், கூட ஓர் ஆள் வேண்டும். எங்கே போகிறோம் என்பதை வீட்டில் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். காட்டுக்குள் விழுந்தால் போகாதீர்கள். பொள்ளாச்சி, உடுமலை, பழனி நேயர்களுக்குக் கட்டம் வேறு, உங்களுக்கு 10, 77. காற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் காற்றுத் திசை மாறிவிடும். அப்போது இடம் மேற்கே விழுகிற நாளாகப் பார்த்துக் கிளம்பினால், காலையில் தெம்பு இருக்கும்போதே எதிர்க்காற்றை முடித்துவிட்டு, மாலையில் அதையே முதுகில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம். மழைக்கோட்டு மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.