ரெண்டு ஓட்டை போதும், வளையம் எதுக்கு?

இந்தாங்க, கேமராவுக்குக் கிட்டவே காட்டறேன். கட்டிப்பால் டின், அதான் கண்டென்ஸ்டு மில்க். மேல என்ன இருக்கு பாருங்க, வளையம்! இழுத்தா மூடி முழுசா கழண்டு வந்துரும். இதுக்கு எண்பது காசு கூட. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல வழக்கமா வாங்கற கடையில சாதா மூடி போட்ட டின்னே இல்லையாம், இனிமே இதுதானாம். எண்பது காசுக்கா இவ்ளோ கத்தறேன்னு கமெண்ட் போடாதீங்க. மாசம் எட்டு டின் ஓடற வீட்டுக்கு ஆறு வெள்ளி (ரிங்கிட்) நாப்பது காசு. மூணு ரோட்டி சானாய் லா அது!

காசு கூட பரவால்ல. நம்ம சேனலைப் பாக்கறவங்களுக்குத் தெரியும், கட்டிப்பால் விஷயத்துல இங்க சமரசமே கிடையாது. மூடியை முழுசாத் திறக்கறது தப்பு. ஏன்னு சொல்றேன்.

ஒட்டுக்கடையில தே, அதான் டீ, ஆத்தற அண்ணனைப் பாருங்க. முக்கோண மூக்கு வெச்ச டின் ஓப்பனரை விளிம்புல மாட்டி ஒரு அமுக்கு. டின்னைத் திருப்பி நேர் எதிர்ப்பக்கம் இன்னொரு அமுக்கு. முதல் ஓட்டை பெருசு, பால் வர. ரெண்டாவது சின்னது, காத்து போக. கட்டிப்பால் தண்ணி மாதிரி இல்ல, அதை முட்டிக்கிட்டுக் காத்து உள்ள போக முடியாது. ஒரே ஓட்டை போட்டா ரெண்டு சொட்டு விழும், அப்புறம் நின்னுரும். சாய்க்கும்போது காத்து ஓட்டை மேல இருக்கணும், அதுக்குத்தான் நேர் எதிர்ல போடறது. பக்கத்துப் பக்கத்துல போட்டா ரெண்டையும் பால் மூடிக்கும்.

இப்படி ஊத்தினா பால் ஒரே சீரா நூல் மாதிரி இறங்கும். கண்ணாடி கிளாஸ்ல எந்த மட்டம் வரைக்கும் வெள்ளையா நிக்குதுன்னு பாத்தே அளவு தெரியும், கரண்டியே வேணாம். ஒரு மேசைக்கரண்டி சுமார் இருபது கிராம். ஒரு கிளாஸுக்கு ரெண்டு கரண்டின்னா நாப்பது கிராம், அதுல சீனி மட்டும் கிட்டத்தட்ட பதினெட்டு. அதனால மேற்கொண்டு சீனி போடறவங்களோட எனக்குப் பேச்சே இல்ல.

ஆங், லேபிளைச் சொல்ல மறந்துட்டேன். ‘கிரிமர்’னு போட்டிருந்தா பால் கொழுப்புக்குப் பதிலா பாமாயில் சேத்தது. தே தாரிக்குக்கு, அதான் நுரை வர ஆத்தற டீக்கு, நல்லாவே நிக்கும், நான் குறை சொல்லல. பால்கோவா கிண்ட மட்டும் அதை எடுக்காதீங்க.

சரி, டின்னுக்கு வருவோம். டின் வந்து ரொம்ப காலம் அதைத் திறக்க ஒரு சாமானே கிடையாது! 1810ல இங்கிலாந்துல பீட்டர் டுராண்ட் காப்புரிமை வாங்கினார். 1813 வாக்குல பிரையன் டோன்கின் கூட்டாளிங்க லண்டன்ல பட்டறை போட்டு, கப்பல் படைக்கு டின்ல இறைச்சி அடைச்சு வித்தாங்க. தடிமனான இரும்புத் தகடு, மேல வெள்ளீயப் பூச்சு. திறக்கணும்னா உளியும் சுத்தியலும். எஸ்ரா வார்னர் அமெரிக்காவுல டின் ஓப்பனருக்குக் காப்புரிமை வாங்கினது 1858ல. நடுவுல 48 வருஷம்! தகடு மெல்லிசாக ஆன பிறகுதான் கையால அறுக்கிற கத்தியே சாத்தியமாச்சு.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்ன, 1856 ஆகஸ்ட்டுல, கெயில் போர்டன் கட்டிப்பாலுக்குக் காப்புரிமை வாங்கறார். அவர் வித்தை என்னன்னா, காத்தை உறிஞ்சி எடுத்த மூடின பாத்திரத்துல பாலைச் சுண்ட வைக்கறது. அழுத்தம் குறைஞ்சா பால் அறுபது டிகிரி பக்கத்துலயே கொதிச்சிரும், அடிப்பிடிக்காது. இப்ப நம்ம வாங்கற டின்ல சீனி கிட்டத்தட்ட நாப்பத்தஞ்சு சதவீதம். அவ்வளவு சீனியில கிருமிக்குத் தண்ணி கிடைக்காது. திறந்து வெச்சாலும் நம்ம ஊரு சூட்டுல டக்குன்னு கெட்டுப்போகாம நிக்கறது அதனாலதான். ஐஸ்பெட்டி இல்லாத காலத்துல மலாயாவோட கடைங்களுக்கு வேற என்ன வழி? ‘தே சி’க்கு ஊத்தற பால் வேற, அதுல சீனி கிடையாது. திறந்தா அன்னைக்கே தீக்கணும்.

இப்ப நடுவுல இருக்கற 1857ஐப் பாருங்க. அந்த வருஷம்தான் கிள்ளான் பக்கத்துத் தலைவர் ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களை ஆத்து வழியா அனுப்பறார், அம்பாங் பக்கம் வெள்ளீயம் தோண்ட. முக்கால்வாசிப் பேர் காய்ச்சல்ல போய்ட்டாங்க. ஆனா அந்த வெள்ளீயத்துக்காக வந்து தங்கின இடம்தான் கோலாலம்பூர். பால் 56, ஊர் 57, ஓப்பனர் 58! ஒருத்தருக்கு ஒருத்தர் பேர் கூடத் தெரியாது. அந்த நூற்றாண்டு முடியறப்ப உலகத்து வெள்ளீயத்துல பாதி அளவு மலாயாவுலேர்ந்துதான் போச்சு. டின்னோட மேல பூசறது தலைமுடி கனத்துல முப்பதுல ஒரு பங்கு கூடத் தேறாது. அந்தப் பூச்சுக்கு எத்தனை மலையைக் கரைச்சிருக்காங்க பாருங்க.

வளையத்துக்கு யார் காரணம்? எர்மல் ஃப்ரேஸ். 1959ல ஒஹாயோவுல பிக்னிக் போனார், ஓப்பனரை எடுத்துட்டுப் போகல. பீர் டின்னைக் காரோட பம்பர்ல குத்தித் திறந்தார். அந்தக் கடுப்புல டின்னுலயே திறப்பானை ஒட்டிட்டார், காப்புரிமையும் வாங்கினார். பீருக்கு நல்லதுதான், திறந்தா குடிச்சு முடிச்சிருவோம். கட்டிப்பால் அப்படியா? வாய் முழுசா திறந்து கிடந்தா எறும்பு, தூசி, கரண்டி வெச்சு நக்கற பிள்ளைங்க. மூடியில ஒட்டிக்கிட்டு வீணாப் போற பால் தனி. அந்த மூடி விளிம்பு விரலை அறுக்கும், ஜாக்கிரதை.

இப்ப நல்ல செய்தி! டின்னைக் கவுத்துப் போட்டு அடியைத் தடவுங்க. மேல இருக்கற மாதிரியே அடியிலயும் மடிச்ச விளிம்பு இருந்தா, அடி தனியா வெச்சு மூடின டின். ஓப்பனர் மூக்கு அந்த மடிப்புல மாட்டிக்கும். கவுத்து வெச்சே ரெண்டு ஓட்டை போடுங்க, வளையத்தைத் தொடவே வேணாம். பேர் தலைகீழா நிக்கும், நிக்கட்டும்! அடி வழுவழுன்னு வளைஞ்சு இறங்கினா, ஒரே தகட்டை அழுத்தி இழுத்துச் செஞ்ச டின். மடிப்பு இல்ல, ஓப்பனர் வழுக்கும். கத்தி வெச்சுக் குத்தப் போகாதீங்க, கையில ஏறிரும்.

அந்த மாதிரி டின்னுன்னா சாஸ் போத்தலுக்கு மாத்துங்க. 500 கிராம் பால்னா 385 மில்லிதான் வரும், தண்ணிய விட கனம் ஜாஸ்தி. நானூறு மில்லி போத்தல் கழுத்து வரைக்கும் நிக்கும், அதனால ஐந்நூறு வாங்குங்க. வாய் ஆறேழு மில்லிமீட்டர் இருக்கணும். போத்தலை நல்லாக் காய வைங்க. ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அந்த இடத்துல சீனி நீத்துப்போய்ப் பூஞ்சை புடிக்கும். ஐஸ்பெட்டியில ரொம்ப நாள் வெச்சா மணல் மணலா ஆகும். அது பால் சீனி உறைஞ்சது, கெட்டது இல்ல.

ஓட்டை போட்ட டின்னுக்கு, சின்ன ஓட்டையில பால் காஞ்சு அடைச்சுக்கும், பல்குத்தும் குச்சியால குத்தி விடுங்க. எறும்புக்குத் தட்டுல தண்ணி ஊத்தி நடுவுல டின்.

காலி டின்னைப் பத்தி ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. பிளாஸ்டிக் பை வர்றதுக்கு முன்ன கோப்பியை அதுலதான் கட்டிக் கொடுத்தாங்க, வாய்ப் பக்கம் ஓட்டை போட்டுக் கயிறு கோத்து. டின் சுடும், கயிறைத்தான் புடிக்கணும். அரிசி அளக்கறவங்க மட்டும் ஒண்ணு கவனிங்க. பழைய நாசி லெமாக் (தேங்காப்பால் சோறு) குறிப்புல ‘ஒரு டின் அரிசி’ன்னு இருந்தா அது பழைய 397 கிராம் டின், முந்நூறு மில்லி, அரிசி சுமார் 250 கிராம் புடிக்கும். இப்ப வர்ற 500 கிராம் டின்ல அளந்தா 320 வந்துரும், தேங்காப்பால் பத்தாது, சோறு வெறைச்சுப் போகும். அப்ப டின்னுக்கு முக்கால் பங்கு மட்டும் போடுங்க.