மோட்டார் ஹோம் கழுவப் போகிறீர்களா? முதலில் ஏணியை எடுங்கள்

காட்சி: கனடா, ஒன்டாரியோ. ஏப்ரல் கடைசி. குளிர்காலம் முழுக்க மூடி நின்ற மோட்டார் ஹோமின் உறையை விலக்குகிறோம்.

வணக்கம். படுக்கை, சமையலறை, கழிவறையோடு வீடு போலவே ஓடும் மோட்டார் ஹோமைச் சுத்தம் செய்யலாம் என்றதும் கை தானாகவே வாளியையும் ஷாம்புவையும் தேடும். இன்றைக்கு அவை கொஞ்சம் காத்திருக்கட்டும். இந்த வண்டிக்கு அழுக்கைவிடப் பெரிய எதிரி, கூரை வழியாகக் கசியும் தண்ணீர்.

என் வண்டியை வாங்கிய முதல் வருடம், பக்கச் சுவர்களை முகம் தெரியும் அளவுக்குத் துடைத்தேன். கூரைமேல் ஏறிப் பார்க்கவே இல்லை. அடுத்த வசந்தத்தில் கட்டிலுக்கு மேலே சுவரை அழுத்தினால் விரல் உள்ளே போனது. பலகையைக் கழற்றினால் மரச் சட்டம் கறுத்து, கையோடு உதிர்ந்து வந்தது. காரணம், காற்றுப்போக்கி மூடியைச் சுற்றியிருந்த சீலன்ட்டில், அதாவது இடுக்கை அடைக்கும் பசையில், முடியளவு விரிசல். அதிலிருந்து வண்டியைக் கழுவுவது எனக்குச் சோதித்துப் பார்க்கிற வேலை.

காட்சி: கூரை. வெள்ளை விரிப்பு, மூடிகள், மூலைகள்.

ஏறுவதற்கு முன் ஒன்று. எல்லாக் கூரையும் ஆள் எடையைத் தாங்காது. கையேட்டைப் பாருங்கள், அனுமதி இல்லையென்றால் ஏணியில் நின்றபடியே வேலை செய்யுங்கள். ஈரமான கூரை மிகவும் வழுக்கும்.

பல வண்டிகளில் கூரைமேல் இருப்பது ஈ.பி.டி.எம். என்கிற ரப்பர் விரிப்பு. பெட்ரோலியம் கலந்த கிளீனரோ, சிட்ரஸ் கிளீனரோ பட்டால் அது உப்பிக் கெட்டுவிடும். மென்மையான சோப்பு, நீளக் கைப்பிடி பிரஷ், நிறையத் தண்ணீர், இவை போதும். கழுவிக் காய்ந்ததும் காற்றுப்போக்கி, ஸ்கைலைட், ஆன்டெனா, முன்பின் ஓரங்கள் என்று சீலன்ட் உள்ள ஒவ்வோர் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். விரிசலோ, விளிம்பு தூக்கலோ தெரிந்தால் அந்த இடத்தைத் துடைத்து, உங்கள் கூரை வகைக்கேற்ற சீலன்ட்டைப் பூசுங்கள். சமதளமான இடத்துக்குத் தானாகப் பரவும் வகை. நிமிர்ந்த ஓரத்துக்கு வழியாத வகை. சாதாரண சிலிக்கானைத் தொடவே வேண்டாம். பிறகு அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது. வசந்தத்தில் ஒரு முறை, குளிருக்கு முன் ஒரு முறை இதைச் செய்தே ஆக வேண்டும்.

காட்சி: பக்கச் சுவர், ஜன்னல் ஓரம்.

இனி கீழே. பிரஷர் வாஷர் வேலையைச் சுலபமாக்கும், ஆனால் அதன் வேகம் ஜன்னல் ஓரங்களிலும் ஸ்டிக்கர்களிலும் தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். ஹோஸும் பிரஷும் போதும். ஃபைபர்கிளாஸ் சுவருக்கு வருடத்தில் ஓரிரு தடவை வாக்ஸ் போட்டால் வெயிலில் சீக்கிரம் வெளுக்காது. வெளிப் பந்தல் துணியை ஈரத்தோடு சுருட்டாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். மழையில் சுருட்ட நேர்ந்தால் வெயில் வந்ததும் விரித்துவிடுங்கள்.

டயரைப் பார்க்கும்போது தேய்மானம் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மோட்டார் ஹோம் நின்றபடியே பழசாகிற வண்டி. டயரின் மேல்வரிகள் தேயும் முன்பே ரப்பரில் வெடிப்பு விழுந்துவிடும். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற குறியோடு வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் பிறந்த தேதி. 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம்.

காட்சி: உள்ளே. மெத்தையைத் தூக்குகிறோம்.

உள்ளே தூசியைவிட ஈரப்பதம்தான் தொல்லை. இருவர் தூங்கினாலே மூச்சுக் காற்றில் ஜன்னல் வியர்க்கும். புரொப்பேன் அடுப்பு எரிந்தாலும் நீராவி வரும். சமைக்கும்போது காற்றுப்போக்கியைத் திறந்து விடுங்கள். மெத்தையின் அடியையும் அலமாரியின் பின்மூலையையும் தொட்டுப் பாருங்கள். பூஞ்சை அங்கேதான் ஆரம்பிக்கும். பிளாஸ்டிக் ஜன்னல்களுக்கு அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் ஆகாது.

காட்சி: டேங்க் வால்வுகள்.

பலர் முகம் சுளிக்கும் இடம் இது. கழிவறைத் தண்ணீர் போவது கறுப்பு டேங்க். பாத்திரம் கழுவும் தொட்டி, ஷவர் தண்ணீர் போவது சாம்பல் டேங்க். முகாமில் வண்டியைக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்திருந்தாலும் கறுப்பு டேங்க் வால்வைத் திறந்து வைக்காதீர்கள். திரவம் ஓடிவிடும், திடக்கழிவு குவிந்து இறுகிவிடும். முக்கால்வாசி நிறையட்டும், அப்புறம் திறந்தால் தண்ணீரே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். முதலில் கறுப்பு, பிறகு சாம்பல். சோப்புத் தண்ணீர் ஹோஸையும் கழுவிவிடும். கையுறை கட்டாயம்.

குடிதண்ணீர் டேங்க்குக்கு ஒவ்வொரு 57 லிட்டருக்கும் 60 மில்லி, வாசனை சேர்க்காத வீட்டு பிளீச். ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு குழாயிலும் பிளீச் வாசனை வரும்வரை தண்ணீரை ஓடவிட்டு, குறைந்தது 4 மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு வடித்து, வாசனை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

காட்சி: அக்டோபர். முற்றத்தில் உதிர்ந்த இலைகள்.

உறைபனி வரும் முன் எல்லா டேங்க்கையும், வாட்டர் ஹீட்டரையும் காலி செய்யுங்கள். ஹீட்டர் ஆறியபின், அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத் திறக்க வேண்டும். குழாய்களில் ஆர்.வி.க்கென்றே, அதாவது இந்த மாதிரி வண்டிகளுக்கென்றே, விற்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை (உறையாத் திரவத்தை) ஓடவிடுங்கள். எஞ்சினுக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம்; அது குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கமே வரக்கூடாது. பாத்திரம் கழுவும் தொட்டியின் வடிகுழாயிலும் கழிவறைக் கிண்ணத்திலும் ஒரு கோப்பை இளஞ்சிவப்பை ஊற்றுங்கள்.

கடைசியாக ஃப்ரிட்ஜை அணைத்துத் துடைத்து, கதவு மூடாமல் இருக்க இடையில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். ஏப்ரலில் திறக்கும்போது பூஞ்சை வாடை அடிக்காது.