ஒரே சேறு: எண்ணூரில் உள்ளானும் இறாலும்

[காட்சி: லோக்கல் ரயில் ஜன்னல், கீழே ஆறு]

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறுகிறீர்கள். எண்ணூர் ஸ்டேஷன் தாண்டியதும் ஒரு பாலம். கீழே ஓடுவது கொசஸ்தலை ஆறு. தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். தண்ணீர் வற்றிய நேரமாக இருந்தால் கறுப்புச் சேறு பரந்து கிடக்கும். நிறையப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இந்த வீடியோ அந்தச் சேற்றைப் பற்றித்தான்.

தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு உங்களுக்குத் தெரியும். 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பிடித்தது, சந்தோஷம். வடக்கே இருக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. ஆனால் அக்டோபர் தொடங்கி மார்ச் வரை பறவைகள் இங்கும் வருகின்றன. மத்திய ஆசியப் பறவைப் பாதை என்ற பெரிய வான்வழியில்தான் இந்தக் கழிமுகமும் இருக்கிறது.

[காட்சி: சேற்றின் மேல் சிறு பறவைகள், மிக அருகில்]

இதோ, இதன் பெயர் கொசு உள்ளான். எடை ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை அளவுதான். ஆர்க்டிக்கின் மரமில்லாத சமவெளியில் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குளிருக்கு முன்னால் கிளம்பி வந்திருக்கிறது. தையல் மிஷின் ஊசி இறங்குவது போல அலகு சேற்றில் விடாமல் இறங்கி ஏறுவதைப் பாருங்கள். கோடை தொடங்கும்போது திரும்பிப் பறக்க வேண்டும். அதற்கான கொழுப்பை உடம்பில் சேர்த்துக்கொள்ள இந்தச் சேறுதான் கடை.

ஒரே கடையில் ஆளுக்கொரு சரக்கு. குட்டை அலகு உள்ளான் மேல்படலத்தில் பொறுக்கும். நீண்ட அலகு மூக்கன் ஆழத்தில் குத்திப் புழுவை இழுக்கும். உப்புக்கொத்தி நாலடி ஓடி, நின்று, கண்ணால் பார்த்துக் கொத்தும். அதனால்தான் இத்தனை விதப் பறவைகள் சண்டையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் மேய்கின்றன.

சரி, இந்தக் கடை எப்போது திறக்கும்? வற்றத்தில். இங்கே கடல் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம்தான். ஆனால் நிலம் தட்டையாக இருப்பதால், அந்த ஒரு மீட்டர் இறங்கினாலே பெரிய பரப்பு வெளியே வந்துவிடும். இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி தேவைப்படும்.

[காட்சி: இடுப்பளவு தண்ணீரில் பெண்கள்]

அதே வற்றத்துக்குக் காத்திருந்து இவர்களும் இறங்குகிறார்கள். ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். வலை கிடையாது. பகலில் இறால் சேற்றுக்குள் பதுங்கியிருக்கும், விரல் பட்டதும் துள்ளும், அந்த நொடியில் அமுக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளானின் அலகு தேடுவதும் இவர்களின் விரல் தேடுவதும் ஒரே சேற்றில் என்பதை நேரில் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த இடம் புரிந்தது.

இப்போது சாம்பலுக்கு வருவோம். வட சென்னை அனல்மின் நிலையம் 1994-இல் மின் உற்பத்தியைத் தொடங்கியது. நிலக்கரி எரிந்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய் இந்தச் சதுப்பின் குறுக்கேதான் போகிறது. அது பல வருடங்களாகக் கசிந்து, உடைந்து, சாம்பல் ஆற்றில் படிந்திருக்கிறது. சாம்பல் இறுகும் தன்மையுள்ளது, சிமென்டில் அதைச் சேர்ப்பதே அதற்காகத்தான். இறுகிய தரையில் புழுவும் வாழாது, இறாலும் பதுங்காது. மேலே சொன்ன கணக்கை இங்கே போடுங்கள். ஏற்ற இறக்கமே ஒரு மீட்டர்தான் இருக்கும் இடத்தில் அரை மீட்டர் சாம்பல் படிந்தால், அந்தத் திட்டு பெரும்பாலான நேரம் தண்ணீருக்கு மேலேயே நிற்கும். அப்புறம் அது சேறே இல்லை.

[காட்சி: கையில் கறுப்புச் சிப்பிக் கொத்து]

இந்தக் கறுப்புச் சிப்பியைக் காக்கா ஆழி என்கிறார்கள் மீனவர்கள். சொந்த ஊர் தென், மத்திய அமெரிக்கக் கரைகள். கப்பல்கள் சமநிலைக்காகச் சுமந்து வரும் தண்ணீரில் வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. நூல் போன்ற இழைகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, தரை முழுக்கப் பாய் விரித்ததுபோல் மூடிவிடுகிறது. அந்தப் பாய்க்கு அடியில் கை நுழையாது, அலகும் நுழையாது. மேலே கால் வைத்தால் ஓடு பாதத்தைக் கிழிக்கும்.

எண்ணெயையும் சொல்லியாக வேண்டும். 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து ஆற்றுக்குள் வந்தது. அப்போது எண்ணெயில் நனைந்து பழுப்பேறிய கூழைக்கடாக்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் பட்ட இறகில் தண்ணீர் ஊறிவிடும். பறவை அலகால் கோதிச் சுத்தம் செய்யப் பார்க்கும், அப்போது அந்த எண்ணெய் வயிற்றுக்குள் போகும்.

ஆற்றில் படிந்த சாம்பலை அள்ள வேண்டும், கசியும் குழாயை மாற்ற வேண்டும், காக்கா ஆழியை அகற்ற வேண்டும். மீனவர்கள் வருடக்கணக்கில் கேட்பது இதைத்தான். இதில் எதுவும் பறவைக்கு மட்டுமான கோரிக்கை இல்லை. கொசஸ்தலையின் வெள்ளம் கடலுக்குப் போகும் வாசலும் இதுதான். அது மேடேறினால் தண்ணீர் வடசென்னையின் தெருக்களுக்குள்தான் திரும்பும்.

[காட்சி: தண்ணீர் ஏறுகிறது]

இப்போது ஏற்றம் தொடங்கிவிட்டது. பெண்கள் பறியோடு கரையேறுகிறார்கள். உள்ளான் கூட்டம் ஒன்றாக எழும்பி ஒரு சுற்று சுற்றுகிறது. அடுத்த வற்றம் வரை அவை நிற்க ஆழமில்லாத, அரவமில்லாத இடம் வேண்டும். முன்பு அதற்கு உப்பளங்கள் இருந்தன, அவற்றில் பலவற்றை மண் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். கூட்டம் இன்னொரு சுற்று சுற்றிவிட்டு, பழவேற்காட்டுப் பக்கமாகத் திரும்புகிறது.