விளக்கெண்ணெய் தடவிய எஞ்சின்

எல்லோருக்கும் வணக்கம். நான் உள்ளே வரும்போது வாசலில் நின்றிருந்த ஒரு பையன், என் கையில் இருந்த விமானத்தைப் பார்த்துவிட்டு, "ரிமோட் எங்க அங்கிள்?" என்று கேட்டான். ரிமோட் கிடையாது தம்பி என்றேன். "அப்ப பேட்டரி எங்க போடணும்?" அதுவும் கிடையாது. "அப்ப இது பறக்காதா?" என்று கேட்டுவிட்டு, என்மேல் இரக்கப்பட்ட மாதிரி ஒரு பார்வை பார்த்தான். இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். இன்றைய பேச்சு முழுக்க அவனுக்குச் சொல்லும் பதில்தான். மற்றவர்களும் கூட இருந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

மேசையில் இருக்கும் இதன் பெயர் செனட்டர். பிரிட்டனில் கீல்கிராஃப்ட் என்ற நிறுவனம் பெட்டியில் போட்டு விற்ற மாடல். வடிவமைத்தவர் ஆல்பர்ட் ஹாட்ஃபுல். இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை 32 அங்குலம். எலும்புக்கூடு பால்சா என்ற லேசான மரத்தின் குச்சி, தோல் டிஷ்யூ தாள், மூக்கில் ஒரு ப்ரொப்பெல்லர். எஞ்சின் எங்கே? இதோ, உடம்புக்குள்ளே மூக்கிலிருந்து வால்பக்கம் வரை கிடக்கிறதே இந்த ரப்பர் நாடா, இதுதான் எஞ்சின். முறுக்கி விட்டால் பிரியும். பிரியும்போது ப்ரொப்பெல்லர் சுற்றும். முறுக்கு தீர்ந்ததும் விமானம் சறுக்கிக்கொண்டே இறங்கும். கையை விட்ட நொடியிலிருந்து அதன்மேல் நமக்கு ஒரு அதிகாரமும் இல்லை. ஃப்ரீ ஃப்ளைட் என்று பெயர் வந்தது அதனால்தான்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இறக்கையைப் பற்றிப் பேசுவார்கள். நான் ரப்பரைப் பற்றிப் பேசப்போகிறேன். மரவேலையில் தப்பு செய்தால் ஒட்டிக்கொள்ளலாம். ரப்பரில் தப்பு செய்தால் ஒட்டுவதற்கு மரம் மிஞ்சாது.

முதலில் பாரிசுக்குப் போவோம். 1871 ஆகஸ்ட் 18. துய்லெரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற 21 வயது இளைஞர், நாலு பேர் பார்த்திருக்க, அரை மீட்டர் நீளமுள்ள ஒரு பொம்மையைப் பறக்கவிட்டார். எடை 16 கிராம். 11 விநாடியில் சுமார் 40 மீட்டர் போய் இறங்கியது. இடுப்பில் நோய் இருந்ததால் கடற்படையில் சேர முடியாமல் போன மனிதர் அவர். அவருக்கு முன்பும் பறக்கும் பொம்மைகள் செய்தார்கள்; வளைத்த வில்லையும் திமிங்கில எலும்பையும் விசையாக வைத்துப் பார்த்தார்கள். முறுக்கிய ரப்பரை வைத்துப் பறக்கவிட்டவர் பெனோ. இறக்கை முனைகளைச் சற்று மேலே தூக்கிவிட்டதும், பின்னால் ஒரு வால் தகட்டை இறக்கையைவிடக் குறைந்த கோணத்தில் வைத்ததும் அவர்தான். அதனால் ஓட்ட ஆளில்லாத விமானம் ஒரு பக்கம் சாய்ந்தாலோ மூக்கைத் தூக்கினாலோ தானே சரிசெய்துகொள்ளும். இந்த செனட்டரும் அதே கணக்கில்தான் பறக்கிறது.

ஒரு தற்செயல். பெனோ பறக்கவிட்டதற்கு மறுநாள், 1871 ஆகஸ்ட் 19, அமெரிக்காவில் ஆர்வில் ரைட் பிறந்தார். 1878இல் அவருடைய அப்பா ஊருக்குப் போய்த் திரும்பும்போது பிள்ளைகளுக்கு ஒரு பறக்கும் பொம்மை வாங்கி வந்தார். மூங்கிலும் தாளும் தக்கையும் கொண்ட சின்ன ஹெலிகாப்டர். அது பெனோ செய்த மாதிரியைப் பார்த்துச் செய்தது. ரப்பர் முறுக்கில்தான் எழும்பும். அண்ணனும் தம்பியும் அதை உடையும்வரை விளையாடிவிட்டு, உடைந்த பிறகு தாங்களே செய்து பார்த்தார்கள். அவர்கள் பின்னாளில் செய்த விமானத்தைப் பார்க்க பெனோ இருக்கவில்லை. ஆள் ஏறிப் போகும் விமானத்துக்கு அவர் வரைந்த திட்டத்துக்குப் பணம் போட யாரும் முன்வரவில்லை. 1880இல் 30 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவர் காலத்தில் ரப்பர் காட்டு மரங்களிலிருந்துதான் வந்தது, அதிலும் முக்கியமாக அமேசானிலிருந்து. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 விதைகளை அங்கிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போயின. மீதிக் கதை நம்மவர் கதை. மலாயாத் தோட்டப்புறங்களில் இருட்டோடு எழுந்து பால்மரம் சீவப் போனவர்களில் ஏராளமானோர் நம் பக்கத்து மக்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் விடியலிலேயே வேலை. 1930களில் லண்டனிலோ சிகாகோவிலோ ஒரு பள்ளிப் பையன் விமானத்தில் மாட்டி முறுக்கிய ரப்பர், நம் ஊர்க்காரர் ஒருவர் சீவிய மரத்தின் பாலாக இருந்திருக்கலாம். அந்தப் பையனும் காற்று எழுமுன் பறக்கவிட வேண்டுமென்று விடியலில்தான் மைதானத்துக்கு ஓடியிருப்பான்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும் மேற்கில் ரப்பர் பஞ்சம். பால்சாவும் போருக்குப் போய்விட்டது. மாஸ்கிட்டோ என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் உடம்பே இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சா வைத்துச் செய்ததுதான். பையன்கள் அட்டையையும் கெட்டி மரத்தையும் வைத்து ஒப்பேற்றினார்கள்.

போருக்கு முன்னால் இந்த விளையாட்டு உச்சத்தில் இருந்ததற்குக் காரணம் ஒரு கோப்பை. ரப்பர் விமானத்தை அதிக நேரம் பறக்கவிடுகிறவருக்கென்று 1928இல் வேக்ஃபீல்ட் பிரபு கொடுத்தது. யார் இவர்? எண்ணெய் வியாபாரி. எஞ்சின் எண்ணெயில் ஆமணக்கெண்ணெய் கலந்து, ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்தே காஸ்ட்ரால் என்று பெயர் வைத்தவர். அதாவது நம்ம விளக்கெண்ணெய். இந்த விளக்கெண்ணெய் கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேக்ஃபீல்ட் போட்டிக்கு அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கப்பல் செலவுக்கு வழியில்லாதவர்கள் விமானத்தை மட்டும் பெட்டியில் அனுப்பிவிடுவார்கள். போட்டி நடக்கும் இடத்தில் உள்ள ஒருவர் அவர்களுக்காகப் பறக்கவிடுவார். தான் ஆறு மாதம் இழைத்துக் கட்டிய பொருளை முன்பின் தெரியாத ஒருவர் முறுக்கட்டும் என்று அனுப்புவதற்கு என்ன மனசு வேண்டும்! நான் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சைக்கிள் பம்பு கொடுக்கவே யோசிப்பேன்.

அந்தப் போட்டியில் முதலில் ரப்பருக்கு உச்சவரம்பே இல்லை. விமானத்தின் எடையில் ஏறத்தாழ பாதியை ரப்பருக்கே கொடுத்தவர்கள் இருந்தார்கள். ரொம்ப நேரம் பறக்கிறது என்று 1954இல் 80 கிராமாகக் குறைத்தார்கள். குறைத்துக் குறைத்து இன்று 30 கிராம். அதற்கும் அசராமல் மூன்று நான்கு நிமிஷம் பறக்கவிடுகிறார்கள். ரப்பருக்கு உள்ள சக்தி அப்படி: நல்ல ரப்பரை முழுசாக முறுக்கினால், தன் எடையையே ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான ஆற்றல் அதில் அடங்கும். ஆனால் எல்லா ரப்பரும் நல்ல ரப்பர் இல்லை. ஒரே தொழிற்சாலையில், ஒரு மாதம் வந்தது அடுத்த மாதம் வந்ததைப் போல் இருக்காது. அதனால் இந்த ஆட்கள் பெட்டியில் மாதமும் வருஷமும் எழுதி, வெயில் படாமல், காற்றுப் புகாமல் மூடி வைப்பார்கள். நம் வீட்டில் பழைய புளியை ஜாடியில் பத்திரப்படுத்துவோமே, அதே பக்தி.

சரி, முறுக்குவது எப்படி? பொம்மைக்கடை விமானத்தை விரலால் சுற்றி முறுக்குவோமே, அப்படியில்லை. முதலில் நாடாவைக் கழுவி, காயவைத்து, பல இழைகளாக மடித்து வளையமாகக் கட்ட வேண்டும். அப்புறம் எண்ணெய். வெள்ளைக்காரர்கள் மென்சோப்பையும் கிளிசரினையும் கலந்து தடவினார்கள், சிலர் விளக்கெண்ணெயே தடவினார்கள். நான் இரண்டாவது கட்சி. இழைகள் ஒன்றோடொன்று உரசி அறுந்துவிடக் கூடாது, அதற்குத்தான். "நல்ல விளக்கெண்ணெய் பூரா ரப்பர் குடிக்குது" என்று என் வீட்டில் ஒரு நிரந்தரப் புகார் உண்டு. வளையம் உடம்பைவிட நீளமாக இருந்தால் தொங்கி, எடை வால்பக்கம் போய்விடும். அதற்கு சடை பின்னுவது போல் முன்கூட்டியே முறுக்கிப் பின்னி விடுவார்கள்.

அப்புறம், ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் ரப்பரின் முன்முனையைக் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டே பின்னால் நடப்பார். நாலைந்து மடங்கு நீளத்துக்கு இழுத்து நிறுத்தி, கையால் சுற்றும் டிரில் போன்ற கருவியால் முறுக்க வேண்டும். பாதிச் சுற்று ஏறியதும், முறுக்கிக்கொண்டே மெல்ல மெல்ல முன்னால் நடந்து வர வேண்டும். ஆயிரம் சுற்றுக்கு மேலும் ஏறும். ரப்பர் முதலில் முடிச்சு விழும், அப்புறம் முடிச்சின்மேல் முடிச்சு விழும், கடைசியில் கருங்கல் போல் இறுகும். இன்னும் பத்துச் சுற்று தாங்குமா என்பதைக் கைதான் சொல்ல வேண்டும்.

என் கை ஒருமுறை பொய் சொல்லிவிட்டது. நகம் பட்டு நாடாவின் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல், நான் கவனிக்கவில்லை. எண்ணூறாவது சுற்றில் வெடித்தது. எதிரே பிடித்துக்கொண்டிருந்த நண்பர் கையில் இரண்டு இறக்கைகள் மட்டும் இருந்தன. நடுவில் இருந்த உடம்பு நொறுங்கிய அப்பளம். இப்படி ஆகும் என்று தெரிந்துதான் அனுபவசாலிகள் உடம்புக்குள் ஒரு குழாயைச் செருகி, அதற்குள் ரப்பரை விட்டு முறுக்கி, முடிந்ததும் குழாயை உருவுவார்கள். அன்றைக்குக் குழாய் என் பையில்தான் இருந்தது. சோம்பேறித்தனம்.

முறுக்கின ரப்பருக்கு ஒரு குணம் உண்டு. விட்டதும் முதல் சில விநாடிகள் வெறி பிடித்த மாதிரி சுற்றும், அப்புறம் நீண்ட நேரம் நிதானமாகச் சுற்றும், கடைசியில் சோர்ந்துவிடும். நிதானத்துக்குப் பொருந்தும்படி விமானத்தைச் சரிசெய்தால் முதல் வெறியில் மூக்கைத் தூக்கிக்கொண்டு குட்டிக்கரணம் போடும். என்ன செய்வது? ப்ரொப்பெல்லர் இருக்கும் மூக்குக்கட்டையை இரண்டு மூன்று டிகிரி கீழேயும் கொஞ்சம் வலப்பக்கமும் சாய்த்துவிட வேண்டும். விசை அதிகமாக இருக்கும்போது அந்தச் சாய்வு மூக்கை அமுக்கும். விசை குறையக் குறைய அதன் வேலையும் குறையும். இதற்குத் தேவையான கருவி, மூக்குக்கட்டைக்கு நடுவே செருக ஒரு தீப்பெட்டி அட்டைத் துண்டு. இதற்காக ஒரு காலை முழுக்கக் காய்ந்த கண்மாயில் முறுக்குவதும் துரத்துவதுமாக ஓடியிருக்கிறேன்.

இனி பருந்து விஷயம். மத்தியானம் பருந்து சிறகை அசைக்காமல் வட்டமிட்டே மேலே போவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான தரையிலிருந்து எழும் காற்று அதைத் தூக்குகிறது. அதே காற்றுக்குள் நம் விமானம் மாட்டினால் அதுவும் மேலே போகும், திரும்பி வராது. 1939 வேக்ஃபீல்ட் போட்டி அமெரிக்காவில் நியூஜெர்சியில் நடந்தது. டிக் கோர்டா என்பவர் விட்ட விமானம் 43 நிமிஷம் 29 விநாடி காற்றில் இருந்தது. ரப்பர் சுற்றியது அதில் ஒன்றிரண்டு நிமிஷம்தான் இருக்கும், மீதியெல்லாம் காற்று போட்ட பிச்சை. கோப்பை அவருக்கே.

ஜெயித்தவருக்கு சரி, தொலைத்தவருக்கு? அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். பெட்டிக்கடையில் பீடி பற்றவைக்க ஒரு கயிறு புகைந்துகொண்டே தொங்குமே, அந்த மாதிரி வெடியுப்பில் ஊறிய பஞ்சுத் திரி ஒன்றை வாலில் வைத்து, பற்றவைத்துப் பறக்கவிடுவார்கள். திரி எரிந்து ஒரு ரப்பர் வளையத்தை அறுக்கும். உடனே வால் மேலே மடங்கும். விமானம் சறுக்குவதை விட்டுவிட்டு, தட்டையாக, அலுங்காமல் கீழே இறங்கும். தாளும் பால்சாவுமான ஒரு பொருளின் வாலில் நெருப்பு வைத்து அனுப்புகிறார்கள் என்றால், தொலைந்துபோவதை எவ்வளவு பயந்திருப்பார்கள் பாருங்கள்!

இன்று போட்டிக்குப் பறப்பவை வேறு ஜாதி. கார்பன் நார், எலக்ட்ரானிக் டைமர், முறுக்கு குறையும்போது தானே கோணம் மாற்றும் ப்ரொப்பெல்லர். பிரமாதமான வேலைப்பாடு, எனக்கு ஆசையில்லை. பழசையே கட்டுகிறவர்களுக்குத் தனிச் சங்கங்களும் போட்டிகளும் உண்டு. பிரிட்டனில் வின்டேஜ் என்றால் 1950 முடிய வந்த வடிவங்கள், அதற்குப் பின் வந்தது செல்லாது. சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாமலிருக்க மேலே மெழுகுத் தாள் போட்டு, குண்டூசி குத்திக் கட்டினால் போதும். டிஷ்யூ ஒட்டியபின் தண்ணீர் தெளித்தால், காயும்போது அது மத்தளத் தோல் மாதிரி விறைக்கிறதே, அந்த ஒரு காட்சிக்காகவே நான் அடுத்ததைக் கட்டுவேன்.

செனட்டரை இந்த அறைக்குள் விட முடியாது, சுவரில் மோதும். ஆனால் பையில் இன்னொன்று வைத்திருக்கிறேன். டெல்டா டார்ட், அமெரிக்காவில் ஃப்ராங்க் எலிங் சின்னப் பிள்ளைகளுக்காக வடிவமைத்தது. நாலு குச்சி, ஒரு தாள், ஒரு ரப்பர். தம்பி, மூன்றாவது வரிசை, நீதான், வா. ப்ரொப்பெல்லரை இந்தப் பக்கமாகச் சுற்று. இருநூறு. எண்ணிக்கொண்டே சுற்று, பயப்படாதே, இது வெடித்தால் என் பொறுப்பு.

ஐயா, அந்த ஸ்விட்ச்போர்டு பக்கத்தில் இருக்கிறவர், எல்லா ஃபேனையும் நிறுத்திவிடுங்கள். கொஞ்சம் வியர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி ஃபேன் இன்னும் சுற்றுகிறது. அது நிற்கட்டும்.