முற்றுகைக்குள் ஒரு நிலக் கிரயம்: எரேமியா காத்திருந்த விதம்

[காட்சி: சுவரில் மாட்டிய வாக்குத்தத்த அட்டை]

வணக்கம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்குகிற வசனம் எரேமியா 29:11. புதுவருட ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையாகக் கைக்கு வரும். காலண்டரிலும் இருக்கும். நம்மில் பலருக்கு மனப்பாடம். ஆனால் அதற்கு முந்தைய 10-ஆம் வசனத்தை யாரும் அட்டையில் போட்டு நான் பார்த்ததில்லை. பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறிய பின்புதான் உங்களைத் திரும்பி வரப்பண்ணுவேன் என்கிறது அது.

எழுபது வருஷம்! பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் சிறைபிடித்துக் கொண்டுபோன யூதர்களுக்கு, தீர்க்கதரிசி எரேமியா எருசலேமிலிருந்து எழுதி அனுப்பிய கடிதம் இது. அங்கே முப்பது வயதில் ஒருவர் இதைக் கேட்டிருந்தால், பிறந்த மண்ணை இனி மிதிக்கப்போவதில்லை என்று அவருக்குப் புரிந்திருக்கும். அப்படியானால் அவர் என்ன செய்யவேண்டும்? கடிதமே சொல்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில், தேவாலயத்தில் எல்லாருக்கும் முன்பாக அனனியா என்கிற தீர்க்கதரிசி வேறு கணக்குச் சொன்னான். இரண்டே வருஷம், எல்லாம் திரும்பி வந்துவிடும் என்றான். அதற்கு எரேமியாவின் முதல் பதிலைக் கவனியுங்கள்: "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." பொறுமையுள்ளவர் என்றால் சீக்கிரம் நடக்கவேண்டும் என்ற ஆசையே இல்லாதவர் என்று நினைத்துக்கொள்கிறோம். எரேமியாவுக்கு அந்த ஆசை இருந்தது. தேவன் சொல்லாத தேதியைச் சொல்லத்தான் அவர் வாய் வரவில்லை.

இன்றும் "இந்த மாதத்துக்குள் உனக்குக் கதவு திறக்கும்" என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. குழந்தைக்காகப் பல வருஷம் கண்ணீரோடு ஜெபிக்கிற ஒரு பெண்ணிடம் அப்படித் தேதி குறிப்பது எனக்குப் பெரிய கொடுமையாகப் படுகிறது. அந்த மாதம் முடிகிறபோது அவள் தன் விசுவாசத்தில்தான் குறை இருக்கிறது என்று நினைப்பாள்.

[காட்சி: எருசலேம் மதில், வெளியே முற்றுகை மேடுகள்]

சரி, இப்போது 32-ஆம் அதிகாரம். யூதாவின் ராஜா சிதேக்கியாவின் பத்தாம் வருஷம். நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைச் சூழ்ந்திருக்கிறது. நகரம் விழும் என்று சொன்னதற்காக எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அங்கே அவருடைய பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, "ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கிற உரிமை உனக்குத்தான்" என்கிறான். குடும்ப நிலம் வெளியே போகாமல் நெருங்கிய உறவினர் வாங்கிக்கொள்ளும் உரிமை அது.

ஆனதோத் எரேமியாவின் சொந்த ஊர். எருசலேமுக்கு வடகிழக்கே சுமார் 5 கிலோமீட்டர். அதாவது மதிலுக்கு வெளியே, எதிரிப் படை நிற்கிற பக்கம். வாங்குகிறவரோ கைதி. போய்ப் பார்க்கக்கூட முடியாத நிலம்.

எரேமியா வாங்கினார். விலை 17 சேக்கல் வெள்ளி. அன்றைக்கு யூதாவில் நாணயம் புழக்கத்தில் இல்லை. வெள்ளியை நிறுத்துத்தான் கொடுக்கவேண்டும். இன்றைய எடையில் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. தராசு வந்தது, சாட்சிகள் வந்தார்கள், பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பத்திரம் இரண்டு: ஒன்று முத்திரை போட்டது, இன்னொன்று திறந்திருப்பது. பிற்காலத்தில் யாராவது சந்தேகம் கிளப்பினால் முத்திரையை உடைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டையும் தன் எழுத்தரான, நேரியாவின் மகன் பாருக்கிடம் கொடுத்து, அநேகநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். மண்பாண்டம் நல்ல காப்புதான். 1947-இல் சாக்கடல் ஓரத்தில், கும்ரான் குகையில் கிடைத்த பழைய சுருள்களில் சில சுமார் 2000 வருஷம் ஜாடிக்குள் இருந்தவை.

இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு? "வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் இந்தத் தேசத்தில் மறுபடியும் வாங்கப்படும்" என்று கர்த்தர் சொல்லியிருந்தார். அதை நம்புகிற மனுஷன் பத்திரத்தில் குறை வைக்கமாட்டான். முற்றத்தில் அடைபட்டவருக்கு அன்று கைக்கு எட்டிய வேலை இது ஒன்றுதான். அதைச் சுத்தமாகச் செய்துவிட்டார்.

அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பத்திரம் போன பிறகு எரேமியா ஜெபிக்கிறார். "உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை" என்று ஆரம்பிக்கிறார். முடிக்கும்போது குழம்பிப்போய்ச் சொல்கிறார்: இதோ, மேடுகள் போட்டுவிட்டார்கள், பட்டயமும் பஞ்சமும் கொள்ளைநோயும் நெருக்குகின்றன, நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறது, நீரோ நிலத்தை வாங்கு என்கிறீரே! கீழ்ப்படிந்துவிட்ட பிறகும் அவருக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று மறைக்காமல் சொல்கிறார். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, நீளமாகப் பதில் சொல்கிறார். ஜெபத்தில் "எப்படி ஆண்டவரே?" என்று கேட்டுவிட்டு, "நான் அவிசுவாசியோ" என்று பயப்படுகிறவர்கள் இந்த இடத்தை நிதானமாக வாசிக்கவேண்டும்.

[காட்சி: வரைபடம், யூதாவிலிருந்து எகிப்துக்கு]

நகரம் விழுந்தது. மீந்திருந்த ஜனங்கள் பயந்துபோய், எங்கே போகலாம் என்று கர்த்தரிடம் விசாரிக்கச் சொல்லி எரேமியாவிடம் வந்தார்கள். பதில் வரப் பத்து நாள் ஆயிற்று (42:7). தீர்க்கதரிசியும் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. "இங்கேயே இருங்கள்" என்று பதில் வந்தது. அவர்கள் கேட்கவில்லை. எகிப்துக்குப் போனார்கள், அவரையும் கொண்டுபோனார்கள். எகிப்தில் அவர் பேசிய வார்த்தைகள் இருக்கின்றன. ஊர் திரும்பினார் என்று வேதத்தில் எங்கும் இல்லை.

பவுல் ரோமருக்கு எழுதுகிறார்: "நாம் காணாததை நம்பினோமாகில், அது வருகிறதற்குப் பொறுமையோடே காத்திருப்போம்." கிறிஸ்து வந்துவிட்டார், உயிர்த்தெழுந்தார் என்று அறிவித்தவர்தான் இதையும் எழுதுகிறார். சிருஷ்டி முழுவதும் இன்னும் தவிக்கிறது, நாமும் உள்ளத்தில் தவிக்கிறோம் என்று அதே அதிகாரத்தில் ஒத்துக்கொள்கிறார். தவிப்பும் நம்பிக்கையும் ஒரே நெஞ்சில் இருக்கலாம்.

[காட்சி: எஸ்றா 2-ஆம் அதிகாரம்]

கி.மு. 539-இல் பாபிலோன் பெர்சிய ராஜா கோரேசின் கையில் விழுந்தது. யூதர் திரும்பிப்போக அனுமதி வந்தது. எஸ்றா 2-ஆம் அதிகாரம் வெறும் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிப்போகிறோம். அதில் 23-ஆம் வசனத்தில் நின்று பாருங்கள்: ஆனதோத்தின் மனிதர் 128 பேர்.

இப்போது ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறவர்கள் இன்று இரவு எரேமியா 32:16 முதல் 25 வரை உள்ள ஜெபத்தைச் சத்தமாக வாசியுங்கள். 25-இல் நிறுத்தி, உங்கள் கேள்வியையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.