நீங்கள் பிறக்க உதவிய வைரஸ்! கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால் உள்ளே என்ன நடக்கிறது?

வணக்கம் உறவுகளே! வைரஸ் என்றாலே நாம் முகக்கவசத்தைத் தேடுகிறோம். ஆனால் பழைய வைரஸ் ஒன்று மட்டும் வராமல் போயிருந்தால், நீங்களும் நானும் அம்மாவின் வயிற்றில் பிழைத்தே இருக்க மாட்டோம். நம்பிக்கை வரவில்லையா? ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து உட்காருங்கள்.

(திரையில்: ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயம், மழை)

பாடப்புத்தகப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுவோம். தாயின் இரத்தமும் பிள்ளையின் இரத்தமும் கலப்பதில்லை. நடுவில் நஞ்சுக்கொடி இருக்கிறது. பாடசாலையில் சூல்வித்தகம் என்று படித்தோமே, அதுதான். ஒட்சிசனும் உணவும் அதன் வழியாகப் போகின்றன. பாடம் முடிந்தது.

இனி எனக்குப் பிடித்த இடம். தாயின் இரத்தத்தில் நனைந்திருக்கும் நஞ்சுக்கொடியின் வெளி அடுக்கில் கலங்கள் தனித்தனியாக இல்லை. ஒன்றோடொன்று கலந்து ஒரே விரிப்பாகிவிடுகின்றன. இரண்டு கலங்களுக்கு நடுவே புகுவது பல கிருமிகளின் வழக்கம்; இங்கே புக இடுக்கே கிடையாது.

அந்த விரிப்பு எவ்வளவு பெரியது? அரைக் கிலோ எடையுள்ள உறுப்புக்குள் மடிந்து கிடப்பதை நிறைமாதத்தில் விரித்தால் ஏறக்குறைய 12 சதுர மீற்றர். நம் பழைய லயத்து அறை 10 அடிக்கு 12 அடி. கணக்குப் போடுங்கள், 11 சதுர மீற்றர்தான் வருகிறது! ஒரு குடும்பமே சமைத்து, படுத்து, சண்டை போட்டு, சமாதானமாக வேண்டிய இடமாகத் தோட்டத் துரைமார் அளந்து கொடுத்ததைவிட, பிறக்காத பிள்ளைக்கு அம்மா அதிகம் கொடுத்திருக்கிறாள்.

கலங்களை அப்படி ஒட்டவைக்கும் புரதத்தின் பெயர் சின்சிடின். 2000ஆம் ஆண்டில்தான் அதை அடையாளம் கண்டார்கள். அதை உருவாக்கும் பரம்பரையலகு நமக்குச் சொந்தமானதல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதை விலங்குகளைத் தொற்றிய வைரஸ் விட்டுச்சென்றது. கலத்துக்குள் நுழைய வைரஸ் வைத்திருந்த கருவியை, வைரஸ் நுழையாத சுவர் கட்ட உடம்பு எடுத்துக்கொண்டது. இதைவிடக் கெட்டிக்காரத்தனமான திருட்டு உண்டா? எலிகளும் இதே வேலையைச் செய்திருக்கின்றன, வேறொரு வைரஸிடமிருந்து!

அந்தச் சுவரையும் சில வைரஸ்கள் கடக்கின்றன. ருபெல்லா, சிகா, சைட்டோமெகலோ. கர்ப்பத்தில் தாய்க்கு வரும் ருபெல்லாவுக்கும் பிள்ளையின் கண்புரைக்கும் உள்ள தொடர்பை 1941இல் நோர்மன் கிரெக் என்ற அவுஸ்திரேலியக் கண் மருத்துவர் கண்டுபிடித்தார். இலங்கை தடுப்பூசி போட்டே ருபெல்லாவை ஒழித்தது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் அதை உறுதிப்படுத்தியது. நமது அரசாங்கத்தைத் திட்டும் நாட்களுக்கு நடுவே இதற்கு ஒரு நாள் கைதட்டலாம்.

ஆனால் வைரஸ் பிள்ளையைத் தொடாமலே பிள்ளைக்குக் கெடுதல் வரலாம். இன்புளுவென்சா வைரஸ் பெரும்பாலும் சுவரைத் தாண்டுவதில்லை. அதை எதிர்க்கத் தாயின் உடம்பு மூட்டும் அழற்சிதான் தொல்லை. அழற்சியைக் கிளப்பும் இரசாயனங்கள் பெருகினால் கருப்பை முன்கூட்டியே சுருங்கத் தொடங்கலாம். 37 வாரம் நிறையுமுன் பிரசவமாகலாம். நஞ்சுக்கொடியில் இரத்த ஓட்டம் குறைந்தால் பிள்ளை எடை குறையும். கொவிட் காலத்தில் சில தாய்மாரின் நஞ்சுக்கொடியே சிதைந்து, பிள்ளை வயிற்றிலேயே இறந்தது.

பயந்துவிடாதீர்கள். சாதாரணத் தடிமன் வந்த பெரும்பாலான தாய்மார் நலமாகவே பிள்ளை பெறுகிறார்கள். என் கோபம் வேறு. கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு, பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போய்விடுமே என்று காய்ச்சலோடு கூடை சுமந்து மலையேறும் கர்ப்பிணிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு நாள் சம்பளத்தையும் காய்ச்சலையும் தராசில் வைக்கச் சொல்பவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். பனடோலை உரிய அளவில் எடுக்கலாம். இப்யூபுரோஃபன் என்ற வலி மாத்திரை வேண்டாம், டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். நுவரெலியாக் குளிரில் டெங்கு எங்கே என்று கேட்பவர்கள், கடைசியாகக் கொழும்புக்கோ கண்டிக்கோ எப்போது போய்வந்தீர்கள் என்று யோசியுங்கள். இன்புளுவென்சாத் தடுப்பூசியைக் கர்ப்பத்திலும் போடலாம்; ருபெல்லாத் தடுப்பூசியைக் கர்ப்பமாவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த வீடியோவை கர்ப்பிணிக்கு அனுப்புவதற்கு முன், அவருடைய கணவருக்கும் மாமியாருக்கும் அனுப்புங்கள். கிளினிக்குக்குப் போக ஆட்டோ பிடிப்பது அவர்கள்தானே!